கல்லூரியில் லைட் டியூட்டி கிடையாதா?

மாணவர் விவகாரப் பிரிவின் தலைவருக்கும், வருகைப் பதிவு குறித்து முடிவெடுக்கும் கல்விக் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் கல்லூரியில் கணக்கியல் படிக்கும் ஒரு மாணவியின் அப்பா நான். மகளுக்கு லூபஸ் என்ற நீண்டகால நோய். அதனால் தவறும் வகுப்புகளுக்கு உங்கள் வருகை விதியில் இடமில்லை என்பதுதான் சிக்கல். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, நான் கோபத்தில் கொட்டியிருந்த பகுதிகளை அடித்துக் கொடுத்தாள். தன் பெயரும் கல்லூரியின் பெயரும் வேண்டாம் என்றாள். சரி என்றேன். மலாய் மொழியில் ஒரு மனு முறைப்படி உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும். இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் குழுவில் தமிழ் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், இதே சிக்கலோடு வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ப் பேசுவது என்று தெரியாமல் இருக்கும் பெற்றோர் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரப்பர் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், அது போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகும் அதே மேசையில் உட்கார்ந்திருந்தேன். செக்ரோல், அதாவது ஆள் வருகையும் கூலியும் பதியும் ஏடு, எழுதுவதுதான் பிழைப்பு. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) யார் வந்தார், யார் வரவில்லை, வராதவர் சாக்குச் சொல்கிறாரா, உண்மையிலேயே முடியவில்லையா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. ஆகவே வருகைப் பதிவேட்டைப் பற்றி உங்களோடு பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

உங்கள் விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்தேன். மோசமான விதிகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் நோய் என்றால் காய்ச்சல்தான். காய்ச்சல் வரும், டாக்டரிடம் போவோம், எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்குவோம், மூன்று நாளில் எழுந்துவிடுவோம். அல்லது பெரிய விபத்து, பெரிய ஆபரேஷன். அதற்குப் படிப்பைத் தள்ளிப்போடலாம் என்று எழுதியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வரிகூட இல்லை. என் மகள் இருப்பது அந்த நடுவில்தான்.

லூபஸ் என்றால் என்ன என்று உங்கள் அதிகாரி ஒருவர் அவளிடமே கேட்டார். கேட்டதில் தவறில்லை. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல்படை, சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய். மூட்டு, தோல், சிறுநீரகம், ரத்தம் என்று எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். பத்து நோயாளிகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும். படிக்கிற வயது, வேலைக்குப் போகிற வயது, குழந்தை பெறுகிற வயது. தொற்றாது. முழுதாகக் குணமாக்கும் மருந்தும் இன்னும் இல்லை. சில மாதம் அடங்கிக் கிடக்கும், பிறகு ஒரு நாள் கிளம்பும். எப்போது கிளம்பும் என்று டாக்டராலும் தேதி சொல்ல முடியாது.

அவள் தினமும் சாப்பிடும் முக்கிய மாத்திரை ஹைட்ராக்சிகுளோரோகுவின். அது மலேரியாவுக்கு வந்த மருந்து. அந்தக் காலத்தில் தோட்டங்களில் மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்து வரிசையில் நிற்கவைத்து விழுங்கச் சொன்ன கதையை என் அப்பா சொல்லியிருக்கிறார். அவருடைய பேத்தி இன்று அந்த வழியில் வந்த மாத்திரையை வேறொரு நோய்க்குச் சாப்பிடுகிறாள். அதை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் கண்ணில் பாதிப்பு வரலாம் என்பதால் கண் பரிசோதனையும் உண்டு. நோய் கிளம்பும்போது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சேரும். அதில் முகம் உப்பி, கன்னம் உருண்டு, பார்க்கிறவர்களுக்கு ஆள் தேறியதுபோலத் தெரியும். "நல்லாத்தானே இருக்கே, சதைகூடப் போட்டிருக்கே" என்று ஒரு விரிவுரையாளர் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். மிக மோசமாக இருந்த மாதம் அது.

காலை நேரத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது நான் பார்த்தேன். எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. பற்பசை மூடியைத் திருகத் தெரியாத குழந்தைபோலக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் அம்மா ஒரு சின்ன வாளியில் வெந்நீர் ஊற்றி வைப்பாள், அதில் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீர் ஆற ஆற மறுபடி சூடு சேர்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சுண்டு விரல் மடங்கும், பிறகு மோதிர விரல். பேனாவைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கையை நீருக்குள் விடுவாள். பத்தரை, பதினொன்றுக்கெல்லாம் சாதாரணமாக இருப்பாள், தோசை சுடுவாள், தம்பியோடு சண்டை போடுவாள். அந்த நேரத்தில் யாராவது வீட்டுக்கு வந்தால், இந்தப் பெண்ணுக்கா நோய் என்றுதான் கேட்பார்கள்.

இப்போது உங்கள் விதிக்கு வருகிறேன். எட்டு மணி வகுப்புக்கு அவள் வரவில்லை என்றால் எம்.சி. கொண்டுவர வேண்டும். அந்த எம்.சி.யை எப்படி வாங்குவது? விரல் மடங்காத நிலையில் எழுந்து, வண்டி பிடித்து, கிளினிக்கில் எண் வாங்கி உட்கார வேண்டும். அவள் சாப்பிடும் மருந்துகளில் சில நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. இருமுகிற, தும்முகிற கூட்டத்தில் தேவையில்லாமல் உட்காராதே என்பது அவளுடைய டாக்டரின் கட்டளை. அதையும் மீறிப் போய் உட்கார்ந்தால், அழைப்பு வரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். டாக்டர் கையைப் பிடித்துப் பார்ப்பார். கை மடங்கும். அவர் என்ன எழுதுவார்?

ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் நாள் இன்னொரு கதை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் என் பழைய கன்சில் காரில் கூட்டிப்போகிறேன். காலையில் ரத்தம், சிறுநீர் கொடுத்து, காத்திருந்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வரும்போது ஒரு நாள் போய்விடும். கட்டணம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்), அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இந்த நாட்டின் அரசாங்க ஆஸ்பத்திரியை நம்பித்தான் நாங்கள் இருக்கிறோம். ஆனால் தவணைக்கு வந்துபோனால் எம்.சி. தரமாட்டார்கள், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை இங்கே இருந்தார் என்று டைம் சிலிப்தான் தருவார்கள். அது அவர்கள் நடைமுறை. டைம் சிலிப்பை ஏற்க முடியாது, எம்.சி.தான் வேண்டும் என்பது உங்கள் நடைமுறை. இரண்டு நடைமுறைக்கும் நடுவில் என் மகளின் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு.

கிராணிக் கணக்காக ஒன்று போட்டுக் காட்டுகிறேன். 14 வாரப் பருவம், ஒரு பாடத்துக்கு வாரம் இரண்டு வகுப்பு, ஆக 28. எண்பது விழுக்காடு வருகை வேண்டும் என்றால் ஐந்து வகுப்பு தவறலாம், ஆறாவது தவறினால் தேர்வு எழுத முடியாது. மாதம் ஒரு கிளினிக், அது அந்த வகுப்பு நாளில் விழுந்தால் மூன்று வகுப்பு போயிற்று. நோய் ஒரே ஒரு வாரம் கிளம்பினால் இன்னும் இரண்டு. ஐந்தும் முடிந்தது. இதற்குப் பிறகு மிச்சமுள்ள பருவம் முழுக்க ஒரு காலைகூட அவள் விரல் மக்கர் செய்யக்கூடாது. இந்தக் கணக்கில் அவள் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டினால் வாயை மூடிக்கொள்கிறேன்.

தோட்டத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தில் பட்டை சீவிப் பால் எடுக்கிறவர், கையில் காயம் பட்டாலோ, முதுகு பிடித்துக்கொண்டாலோ, டாக்டர் சீட்டில் "லைட் டியூட்டி" என்று எழுதுவார். அந்த ஆளை வீட்டுக்கும் அனுப்ப மாட்டோம், மரத்துக்கும் அனுப்ப மாட்டோம். நாற்று மேடையில் பாலிபேக்கில் மண் நிரப்பச் சொல்வோம், அல்லது ஸ்டோரில் உட்காரவைப்போம். செக்ரோலில் அவர் பெயர் இருக்கும், அன்றைய சம்பளம் இருக்கும், வேலையும் நடக்கும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தோட்டம் கருணைக்குப் பேர் போன இடம் அல்ல, அது உங்களுக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்திலேயே முழு வேலைக்கும் முழு ஓய்வுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்பது புரிந்திருந்தது. ஆளை இழப்பதைவிட அது லாபம் என்று மேனேஜருக்குத் தெரியும்.

"அப்படி இறங்கிக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களே" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். ஐயா, எனக்குத் தெரிந்து லைட் டியூட்டிக்கு ஒருநாளும் கூட்டம் கூடியதில்லை. மரம் வெட்டினால் பால் எடைக்குக் கூடுதல் காசு. மண் நிரப்பினால் நாள் கூலி மட்டும்தான். முடிகிறவர் மரத்துக்குத்தான் போவார். கல்லூரியிலும் அதுதான் நடக்கும். நண்பர்களோடு வகுப்பில் உட்காருவதை விட்டுவிட்டு, அறையில் தனியாக வகுப்பின் ஒலிப்பதிவைக் கேட்டு, அதற்கு ஈடாக ஓர் இடுபணியும் (அசைன்மென்ட்) எழுதித் தர எந்தப் பிள்ளை ஆசைப்படும்? ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இதைவிடச் சுலபமான வழிகள் இருக்கின்றன. ஸ்பெஷலிஸ்ட் கடிதமும் மாதாமாத ரத்தப் பரிசோதனையும் வைத்துக்கொண்டு யாரும் ஏமாற்ற வர மாட்டார்கள்.

நல்ல எண்ணத்தோடு நீங்கள் சொன்ன யோசனை, ஒரு பருவத்தைத் தள்ளிப்போடட்டும், உடம்பைப் பார்த்துக்கொண்டு வரட்டும் என்பது. அதைச் சொன்ன உங்கள் அலுவலக அம்மா உண்மையான அக்கறையோடுதான் சொன்னார், தேநீரும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். கால் முறிந்தால் ஒரு பருவத்தில் கூடிவிடும், தள்ளிப்போடலாம். இந்த நோய் அடுத்த பருவத்திலும் இருக்கும், அதற்கடுத்த பருவத்திலும் இருக்கும். எதுவரை தள்ளிப்போடுவது? தள்ளிப்போட்டால் அந்தப் பருவத்துக்குப் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்வி நிதியின் கடன் பணம் வராது. விடுதி அறை போய்விடும். கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள். நோட்ஸ் அனுப்பவும், சாப்பாடு வாங்கி வரவும், ராத்திரியில் காய்ச்சல் அடித்தால் எனக்குப் போன் போடவும் இருக்கிற பிள்ளைகள் அவர்கள்தான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் நோய் குறையும் என்று அவளுடைய டாக்டர் சொல்லவும் இல்லை.

இன்னொரு முறை போனபோது, ஓ.கே.யு. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. சமூக நல இலாகா ஏழு பிரிவுகளில் அந்த அட்டையைத் தருகிறது: செவித்திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனம், பல குறைபாடுகள் சேர்ந்தது. லூபஸ் என்று அதில் ஒரு பிரிவு இல்லை. நாளைக்கு மூட்டோ சிறுநீரகமோ கெட்டுப்போய் எந்தப் பிரிவில் விழுவாளோ, அதுவரை காத்திருக்கச் சொல்கிறீர்களா? 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை, அதாவது சட்டம் 685ஐ, எடுத்துப் பாருங்கள். நீண்டகாலக் குறைபாடு இருந்து, அது சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து ஒருவர் சமூகத்தில் முழுமையாகப் பங்கெடுப்பதைத் தடுக்கக்கூடும் என்றால், அவரும் அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகிறார். அந்த விளக்கத்தில் அட்டை என்ற பேச்சே இல்லை. 28ஆம் பிரிவு, அரசாங்கக் கல்வி நிலையமானாலும் தனியார் கல்வி நிலையமானாலும், படிப்பைத் தொடர ஏதுவாக நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது. கட்டடம், கருவி மட்டுமல்ல, கற்பிக்கும் முறையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. செய்யாவிட்டால் தண்டனை என்ன என்று அதில் இல்லை, அது ஊரறிந்த குறை. அபராதம் இல்லை என்பதற்காகவா ஒரு கல்லூரி சட்டத்தை ஓரமாக வைக்கும்?

"நாளைக்கு வேலைக்குப் போனால் இப்படியெல்லாம் யார் பார்ப்பார்கள், இப்போதே பழகட்டும்" என்றும் ஒருவர் சொன்னார். இதற்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வந்தது. மகள் அடித்ததில் பாதி இந்த இடத்தில்தான். வேலையிடத்தைப் பற்றி எனக்குத் தெரியும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேர்ந்து இரண்டு வருஷம் ஆகாதவருக்கே ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டிலிருந்து ஐந்து வருஷம் வரை 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. 2023 ஜனவரி முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுதிக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மகள் படிப்பை முடித்து ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் உட்கார்ந்தால் இவ்வளவும் கிடைக்கும். கிடைக்காத இடம் இப்போது படிக்கிற இடம்தான்.

நாங்கள் கேட்பது பெரிய செலவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் நோயை நிரூபிக்க ஓடாமல், பருவம் தொடங்குமுன் ஒருமுறை உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டை எழுதிவையுங்கள். ஸ்பெஷலிஸ்ட் கடிதத்தைப் பார்த்து, இன்ன மாணவிக்கு இன்ன வசதி என்று உங்கள் அலுவலகம் ஒரே கடிதம் போட்டுவிட்டால் போதும். அதில் நோயின் பெயர்கூடத் தேவையில்லை. இப்போது ஒவ்வொரு பருவமும் ஒவ்வொரு விரிவுரையாளரிடமும் தன் சிறுநீரகத்தைப் பற்றி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். பத்தொன்பது, இருபது வயதுப் பெண்ணுக்கு அது என்ன பாடு என்று பாருங்கள்.

கிளினிக் நாளுக்கு டைம் சிலிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். காலை வகுப்பு தவறும் நாளில் அந்த வகுப்பின் ஒலிப்பதிவைக் கேட்டு, கேட்டதற்கு அத்தாட்சியாக எதையாவது எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதுவாள். வகுப்பை ஒலிப்பதிவு செய்வது முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். கோவிட் காலத்தில், 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு நாடு முழுக்கக் கல்லூரிகள் வகுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தன. அன்றைக்கு வாங்கிய கேமராவும் மைக்கும் எங்காவது அலமாரியில்தான் இருக்கும்.

தேர்வு விஷயம் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். மூன்று மணி நேரம் தொடர்ந்து கையால் எழுதுவது இருக்கிறது அல்லவா, அது அவளுக்குப் பாடத் தேர்வல்ல, மூட்டுத் தேர்வு. போன பருவத்தில் கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்தும் எழுதக் கை வரவில்லை. சமன்பாட்டுக் கணக்கின் பாதியில் நிறுத்திவிட்டு வந்தாள். நடுவில் கையை நீட்டி மடக்கக் கொஞ்சம் இடைவேளை, அந்த இடைவேளைக்கு ஈடாகக் கூடுதல் நேரம், விளக்கம் எழுதும் பகுதிக்குத் தட்டச்சு. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பள்ளித் தேர்விலேயே சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் தருகிறார்கள். கேள்வியைச் சுலபமாக்கச் சொல்லவில்லை. அதே கேள்வி, அதே திருத்தம்.

வெயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெயில் பட்டால் தோல் சிவப்பது மட்டுமல்ல, உள்ளே இருக்கும் நோயும் கிளம்பும். புறப்பாட நடவடிக்கைக்குத் திடலில் நிற்கவைக்கும்போது, குடை பிடித்தால் ஒழுங்கு கெடும் என்று ஒருவர் சொன்னாராம். ஒன்று குடை, அல்லது உள்ளே செய்கிற பொறுப்பு. கணக்குப் படிக்கிற பெண், சங்கத்தின் வரவு செலவைக் கொடுத்தால் ஒரு காசு பிசகாமல் எழுதுவாள். விடுதியில் கீழ்மாடி அறை கொடுத்தது நீங்கள்தான், அதற்கு நன்றி. கேட்ட அன்றே கொடுத்தீர்கள். அந்த வேகம் மற்றதிலும் வரும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

இந்த ஏற்பாடு அவளுக்கு மட்டும் என்று எழுதாதீர்கள் என்பது மகளின் வேண்டுகோள். உங்கள் கல்லூரியிலேயே இன்சுலின் ஊசியைக் கழிவறையில் ஒளிந்து போட்டுக்கொள்கிற பையன் ஒருவனை அவளுக்குத் தெரியும். வலிப்பு மாத்திரையால் காலையில் எழ முடியாத தோழி ஒருத்தியும் உண்டு. அவர்கள் அப்பாமார் கிராணி வேலை பார்த்தவர்கள் அல்ல, மடல் எழுத மாட்டார்கள்.

அடுத்த பருவப் பதிவு தொடங்குமுன் எழுத்தில் ஒரு பதில் வேண்டும். முடியாது என்றால் முடியாது என்றும், ஏன் என்றும் எழுதுங்கள். நேரில் பேசலாம் என்றால் நானும் மகளும் வருகிறோம். ஸ்பெஷலிஸ்ட் கடிதம், டைம் சிலிப்புகள், போன பருவத்து வருகைப் பட்டியல் எல்லாம் தேதி வாரியாக ஒரு கோப்பில் இருக்கின்றன. சந்திப்பைப் பத்தரை மணிக்கு மேல் வையுங்கள். புதன்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கிளினிக்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா,
சுங்கை சிப்புட், பேராக்